சண்டை எந்தக் கூற்றோடு? தருக்கத்தின் அடிப்படைகள் சில



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் வானளாவிய தலைப்பு வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தரப்பட்டதோ உங்கள் பாடத்திட்டத்தின் முதல் தாள். எப்படியாவது அதில் தேறிவிட்டுக் கான்ட்டுக்கும் சங்கரருக்கும் ஓடிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிற தாள் அது. உங்களிற் பலர் கையில் இர்விங் கோப்பியின் தருக்கப் பாடநூல் இருக்கும். 1953இல் வந்த நூல். இன்னும் நம் கல்லூரிகளில் நடமாடுகிறது. அதிலுள்ள விதிகளை மறுபடி சொல்ல நான் வரவில்லை. அந்த விதிகள் எதற்கு உதவும் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாற்றில் நடந்த சில பழைய வழக்குகளை வைத்துக் காட்டலாம் என்று வந்திருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் பேசுவதால் எனக்கு ஒரு வசதி உண்டு. பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக நிற்கும் பழைய மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். 1897இல், 42 வயதில் மறைந்தார். தமிழ்நாட்டில் அரசு விழா தொடங்கும்போதெல்லாம் தமிழ்த்தாய் வாழ்த்தான அவருடைய பாட்டுக்கு எழுந்து நிற்கிறார்கள். எழுதியவர் ஒரு தத்துவ ஆசிரியர் என்பது நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. தம் ஆசிரியர் ராபர்ட் ஹார்வியின் பெயரையே பேரூர்க்கடையில் இருந்த தம் இருப்பிடத்துக்கு வைத்தார்: ஹார்விபுரம். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1888இல், அறிவுத்துறைகளை வகைப்படுத்திக் காட்டும் ‘நூற்றொகை விளக்கம்’ என்ற சிறுநூலை எழுதினார். நாடகத்துக்குக் கிடைத்த வாசகர்களில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த நூலுக்குக் கிடைத்திருக்காது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அவர் வாழ்ந்த காலம் தருக்கத்தின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1854இல், ஜார்ஜ் பூல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். அவருக்கு 24 வயதானபோது, 1879இல், ஜெர்மனியில் காட்லோப் ஃப்ரேகே ஒரு சிறு நூலை வெளியிட்டார். இன்றைய குறியீட்டுத் தருக்கம் முழுவதும் அதிலிருந்து கிளைத்தது. வெளிவந்த காலத்தில் ஐரோப்பாவிலேயே அதைப் படித்தவர்கள் சொற்பம். அக்கால ஆங்கிலக் கல்லூரிகளின் தருக்கம் அரிஸ்டாட்டிலின் மரபும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும்தான். அந்தப் பழைய கருவிகளை வைத்துக்கொண்டே சுந்தரம் பிள்ளை ஒரு பெரிய காரியம் செய்தார்.

திருஞானசம்பந்தர் எக்காலத்தவர் என்பது அன்று பெருங்குழப்பம். கால்டுவெல் போன்றோர் அவரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தார்கள். அவர்களுடைய வாதத்தைப் பிரித்து எழுதினால் இப்படி வரும். சம்பந்தர் கூன்பாண்டியன் காலத்தவர். கூன்பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன் என்று பெயர். மார்க்கோ போலோ 1292ஐ ஒட்டிப் பாண்டிநாட்டுக்கு வந்தபோது ஆண்டவன் ஒரு சுந்தர பாண்டியன். ஆகவே சம்பந்தர் அந்தக் காலத்தவர்.

வாதம் என்பது இவ்வளவுதான். சில கூற்றுகளை ஒப்புக்கொண்டு அவற்றின் பலத்தில் இன்னொரு கூற்றுக்குப் போவது. ஒப்புக்கொள்ளப்படுபவை எடுகூற்றுகள்; போய்ச் சேருமிடம் முடிவு. இங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கப் பழக வேண்டும். எடுகூற்றுகள் மெய்யா? அவை மெய்யானால் முடிவு பொய்யாக வழி உண்டா? வழி இல்லையென்றால் வாதம் செல்லும், உண்டென்றால் செல்லாது. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல சம்பந்தரையோ பாண்டியரையோ பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாதத்தின் வடிவத்தைப் பார்த்தால் போதும். எடுகூற்றெல்லாம் பொய்யாக இருந்தும் ஒரு வாதம் செல்லும். எடுகூற்றும் முடிவும் மெய்யாகவே இருந்தும் ஒரு வாதம் செல்லாமல் போகும். முதற் பருவ மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பேராசிரியர்களும் விழுந்திருக்கிறார்கள்.

கால்டுவெல் தரப்பு வாதம் பார்வைக்குச் செல்லும் வடிவில் இருக்கிறது: இவன் அவன், அவன் இன்னார், ஆகவே இவன் இன்னார். சங்கிலியைப் பிடித்து நிறுத்துவது நடுவில் உள்ள ‘சுந்தர பாண்டியன்’ என்ற பெயர். பாண்டியர் வரிசையில் அந்தப் பெயர் பலருக்கு உண்டு. கூன் நிமிர்ந்த மன்னனுக்குத் திருவிளையாடல் மரபு சூட்டிய சிறப்புப் பெயரும் அதுவே. முதலில் ஒருவனையும் பிறகு வேறொருவனையும் அதே பெயர் சுட்டினால் நடுப்பதம் ஒன்றல்ல, இரண்டு. மூன்று பதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வந்துவிட்டன. நான்கு பதப் போலி என்று இதற்கு மேலை மரபில் பெயர் உண்டு. பாடநூல்களில் இதற்குத் தரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சிலேடை விளையாட்டு. படிப்பவன் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவான். இங்கே அதே போலி ஒரு சமயக் குரவரை ஆறு நூற்றாண்டு தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டது.

எதிராளியின் வாதம் செல்லாது என்று காட்டிவிட்டால் அவன் முடிவு பொய் என்று ஆகிவிடாது. அதற்குத் தனி வாதம் வேண்டும். சுந்தரம் பிள்ளை 1890களில் ஆங்கிலத்தில் எழுதிய சம்பந்தர் காலக் கட்டுரையின் அருமை இந்த வேறுபாட்டை அது மறக்காததில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கணக்கை மறுத்ததோடு நில்லாமல், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் அவரைக் கொண்டுவர முடியாது என்று வாதிட்டார். அவர் அடுக்கிய சான்றுகள் அத்தனையையும் இங்கே சொல்ல நேரமில்லை. அதே வகையில் இன்று நம் கையிலுள்ள ஒரு சான்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது ஏறத்தாழ கி.பி. 1014 வரை, எடுப்பித்த செப்புத் திருமேனிகளைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் நிர்வாகம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்பவர் நம்பி ஆரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தடிகள் ஆகியோர் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். அதே கோயிலில் திருப்பதியம் பாட 48 பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். இப்போது வாதத்தை எழுதலாம்.

சம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டவர் என்றால், பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவருக்குத் திருமேனி இருந்திருக்க முடியாது. இருந்திருக்கிறது. ஆகவே அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டவர் அல்லர்.

முதற்கூற்றின் முன்பாதியை ‘ப’ என்றும் பின்பாதியை ‘ம’ என்றும் குறித்தால்: ப → ம; ம இல்லை; ஆகவே ப இல்லை. ‘இல்லை’ என்பதற்கு ¬ என்று போட்டால் இரண்டாவது வரி ¬ம, மூன்றாவது ¬ப. குறியீட்டைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. சம்பந்தர், தஞ்சை, செப்பு எல்லாம் உதிர்ந்து எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த எலும்பின் மேல் எந்தச் சதையை வைத்தாலும் வாதம் செல்லும்.

இதோடு உடன்பிறப்பாக ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு போலி வடிவம் உண்டு: ப → ம, ம, ஆகவே ப. ‘பலத்த மழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் நிற்கும். தம்பானூரில் தண்ணீர் நிற்கிறது. ஆகவே பலத்த மழை பெய்திருக்கிறது.’ இந்த ஊர்க்காரர்கள் யோசிக்காமல் தலையாட்டுவீர்கள். ஆனால் பெரிய குடிநீர்க் குழாய் உடைந்தாலும் அங்கே தண்ணீர் நிற்கும். முடிவு பெரும்பாலான நாட்களில் மெய்யாக இருக்கலாம். வடிவம் அதற்கு உறுதி தரவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வையாபுரிப் பிள்ளையிடம் போகும்போது தேவைப்படும்.

இடையில் அந்த அம்புக்குறியைப் பற்றி. ‘ப → ம’ என்பது ப மெய்யாகி ம பொய்யாகும் ஒரே நேர்வில் மட்டும் பொய். மற்ற மூன்றிலும் மெய். ப பொய்யானால் கூற்று முழுவதும் தானாக மெய்யாகிவிடுகிறதே, இது என்ன நியாயம் என்று ஒவ்வோராண்டும் ஒரு மாணவராவது எழுந்து கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ‘பலத்த மழை என்றால் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார்’ என்று ஒருவர் உறுதி சொல்கிறார் என்று வையுங்கள். எப்போது அவர் சொன்னது பொய்த்தது என்பீர்கள்? மழை கொட்டியும் விடுமுறை விடாதபோது மட்டும். மழையே இல்லாமல் ஹர்த்தாலுக்காகப் பள்ளி மூடினால் அவர் சொல் பொய்க்கவில்லை. மழையும் இல்லை, விடுமுறையும் இல்லை என்றாலும் பொய்க்கவில்லை. நான்கு நேர்வுகளையும் அடுக்கிக் காட்டும் மெய்-பொய் அட்டவணை அதைத்தான் சொல்கிறது. காரணகாரியம் முழுவதையும் இந்த அம்பு தாங்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் தகராறு. அந்தச் சுமை அதன் வேலையல்ல.

இனி ஃப்ரேகேயிடம் வருவோம். அரிஸ்டாட்டில் மரபு கூற்றுகளை நான்கு வகையாக்கியது: எல்லாம் இன்னது, எதுவும் இன்னதன்று, சில இன்னவை, சில இன்னவையல்ல. மூன்று கூற்றுகளை அடுக்க நான்கு உருவங்களில் 256 வகை கிடைக்கும். அவற்றில் செல்லுபவை 24 என்று மரபு எண்ணியது. இருபது நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த கட்டுமானம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அது தொட முடியாத இடங்கள் உண்டு. ‘ஒவ்வொரு பதிகத்துக்கும் ஒரு பண் உண்டு.’ ‘ஒரு பண் உண்டு, அது ஒவ்வொரு பதிகத்துக்கும் உரியது.’ இரண்டிலும் ஏறத்தாழ அதே சொற்கள்தாம். முதலாவது மெய்யாக இருக்க இடமுண்டு. இரண்டாவதைச் சொன்னால் ஓதுவார் சிரிப்பார். வேறுபாடு ‘ஒவ்வொரு’ முன்னால் நிற்கிறதா ‘ஒரு’ முன்னால் நிற்கிறதா என்பதில் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வரும் அளவுச் சொற்களின் வரிசையைத் தவறாமல் எழுத முதன்முதலாக வழி செய்தவர் ஃப்ரேகே. முதல் கூற்றிலிருந்து இரண்டாவதற்குத் தாவுவது தத்துவ வரலாற்றில் பெரியவர்களையே வீழ்த்திய போலி: ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லாவற்றுக்கும் காரணமான ஒன்று உண்டு. முடிவு மெய்யாகவே இருக்கலாம். ஆனால் இந்த வழியில் அங்கே போய்ச் சேர முடியாது.

‘மாணவர் எல்லாரும் வரவில்லை’ என்ற வாக்கியத்தையும் பாருங்கள். ஒருவர்கூட வரவில்லை என்றும் பொருள். சிலர்தாம் வந்தார்கள் என்றும் பொருள். பேச்சில் குரலும் சூழ்நிலையும் பிரித்துத் தரும். குறியீட்டிலோ ‘இல்லை’ என்பது ‘எல்லாரும்’ என்பதற்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று முடிவு செய்யாமல் எழுதவே முடியாது. வருகைப் பதிவேட்டில் இந்த வாக்கியத்தை எழுதும் ஆசிரியர் யோசிக்கட்டும்.

அரிஸ்டாட்டில் மரபு எண்ணிய அந்த 24 வகையில் ஒன்பது இன்றைய தருக்கத்தில் செல்லாது, மிஞ்சுவது 15. ஏன் என்று விளக்க நான் மணிமேகலைக்குப் போகிறேன். பாடநூலைவிட அங்கே விளக்கம் தெளிவாக இருக்கிறது.

மணிமேகலையின் 27ஆம் காதை வஞ்சி மாநகரில் நிகழ்கிறது. வஞ்சி கொடுங்கல்லூரா கரூரா என்ற வழக்குக்குள் இந்த மேடையில் நுழைவது உயிருக்கு ஆபத்து, விட்டுவிடுகிறேன். அங்கே பத்து வாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்ல மணிமேகலை கேட்கிறாள். முதலில் பேசுபவனே அளவைவாதி. அறிவு பெறும் வழிகளைச் சொல்லி, அறிவு பிசகும் வழிகள் எட்டையும் சொல்கிறான். இப்பியைக் கண்டு வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். பாராமலே கட்டையை மனிதன் என்று துணிவது தேராது தெளிதல். இந்த வரிசையில் எய்தும் இல்வழக்கு என்று ஒன்று வருகிறது. பெயர் இருக்கும், பொருள் இருக்காது. எடுத்துக்காட்டு முயற்கொம்பு.

இப்போது இந்த வாதத்தைப் பாருங்கள். முயற்கொம்பெல்லாம் கூரானவை. முயற்கொம்பெல்லாம் முயலின் தலையில் இருப்பவை. ஆகவே கூரானவற்றில் சில முயலின் தலையில் இருக்கின்றன. மரபு ஒப்புக்கொண்ட 24இல் அடங்கும் வடிவம்தான் இது. ‘எல்லாம்’ என்று தொடங்கி ‘சில’ என்று முடிகிறது. ‘எல்லாம்’ என்று சொன்னாலே அப்படி ஒன்றாவது இருக்கிறது என்று மரபு எடுத்துக்கொண்டது. குறியீட்டுத் தருக்கம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ‘முயற்கொம்பெல்லாம் கூரானவை’ என்பதை அது ‘எப்பொருளை எடுத்தாலும், அது முயற்கொம்பு என்றால் அது கூரானது’ என்று எழுதுகிறது. முயற்கொம்பு இல்லாததால் கூற்று பொய்க்க இடமில்லை. அம்புக்குறி அட்டவணைப்படி மெய். ‘சில’ என்பதோ ‘உண்டு’ என்ற உறுதி. எடுகூற்று இரண்டும் மெய், முடிவு பொய், வாதம் செல்லவில்லை. அந்த ஒன்பதும் இப்படி விழுந்தவைதாம்.

இந்திய அளவை மரபு இதே பள்ளத்தை வேறு விதமாகத் தாண்டியது. 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கிறார். திக்நாகர் வழிவந்த நியாயப் பிரவேசம் என்ற வடமொழி நூலோடு அந்தப் பகுதி எவ்வளவு நெருக்கம் என்பதைச் சென்ற நூற்றாண்டில் குப்புசுவாமி சாஸ்திரியாரும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று உறுப்பு ஐந்து. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம்; புகை இருப்பதால் என்பது ஏது; அடுக்களை போல என்பது திட்டாந்தம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று அடிகள் சுருக்கிவிடுகிறார்.

அடுக்களைக்கு அங்கே என்ன வேலை? அரிஸ்டாட்டிலைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு அது தேவையற்ற தொங்கலாகத் தெரியும். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ளது என்று பொதுவிதி இருக்கும்போது ஒரு சமையலறை எதற்கு? பொதுவிதி வெறுமையான விதி அல்ல, அது நிற்கும் இடம் ஒன்றாவது நாம் கண்டது உண்டு என்று அடுக்களை உறுதி தருகிறது. முயற்கொம்புக்கு எந்தத் திட்டாந்தம் காட்டுவீர்கள்? ஆகவே அந்த மரபில் முயற்கொம்பு வாதம் படியேறவே முடியாது. வடிவத்தையும் பொருளையும் பிரித்தது மேலை மரபின் பலம். பிரிக்காமல் வைத்திருந்தது நம் மரபின் எச்சரிக்கை. ஒன்றைச் சொல்லி மற்றதை மட்டம் தட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘இதெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்பவர்களோடும் இல்லை. அளவுச் சொற்களின் அடுக்கை எழுதும் குறியீடு அறவண அடிகளிடம் இல்லை. நல்ல ஏதுவுக்கு இலக்கணம் ஃப்ரேகேயிடம் இல்லை.

நல்ல ஏது மூன்று இடத்தில் சோதிக்கப்படும். வழக்கிலுள்ள பொருளில் அது இருக்க வேண்டும். ஒத்த பொருளில் இருக்க வேண்டும். ஒவ்வாத பொருளில் இருக்கவே கூடாது. ‘ஒலி அநித்தியம், செய்யப்படுவதால், குடம் போல’ என்பது தேறும். ‘ஒலி அநித்தியம், அறியப்படுவதால்’ என்று சொல்லிப் பாருங்கள். அறியப்படுவது நித்தியப் பொருளுக்கும் பொது, அநித்தியப் பொருளுக்கும் பொது. ஏது இரு பக்கமும் சாய்கிறது. அநைகாந்திகம் என்று தள்ளுகிறார் அடிகள். பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து என்று வரிசை போகிறது. பக்கப் போலிகளில் ஒன்று, ‘என் தாய் மலடி’ என்பது. தன்னைத் தானே வெட்டும் கூற்றுக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை.

27ஆம் காதைக்குத் திரும்பினால், வஞ்சியில் கடைசியாகப் பேசுபவன் பூதவாதி. கண்ணால் காண்பதன்றிக் கருதலை நம்ப முடியாது என்பது அவன் கட்சி. கண்ட புகையெல்லாம் நெருப்போடு இருந்தது சரி. காணாத புகையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? இதற்கு முழு விடை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னதாக எழுதியிருக்கும் பாடநூல்களை நம்பாதீர்கள்.

தமிழில் தருக்கம் மணிமேகலையோடு நின்றுவிடவில்லை. நமக்குக் கிழக்கே மலைக்கு அப்பால் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். 1850இல் யாழ்ப்பாணத்து நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ‘நியாய இலக்கணம்’ என்று ஒரு நூல் எழுதினார்.

இனி வையாபுரிப் பிள்ளை. இந்த நகரில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர். பிற்காலத்தில், 1951 முதல், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைத் தலைவராக மீண்டும் வந்தவர். திருக்குறளைக் கி.பி. 600ஐ ஒட்டி வைத்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று நூலிலுள்ள வடசொற்கள். அவருக்குக் கிடைத்த விடைகளில் கணிசமானவை வசைகள். தமிழ்த் துரோகி என்றார்கள். வசை, வாதத்தின் எந்த உறுப்பையும் தொடாது. ப → ம என்ற எலும்புக்கூட்டில் சொன்னவரின் பெயருக்கு இடமே இல்லை.

அவர் வாதத்தை நாமே எழுதிப் பார்ப்போம். ஒரு வழி: ‘குறள் பிற்காலத்தது என்றால் வடசொற்கள் மிகும். மிகுந்திருக்கின்றன. ஆகவே பிற்காலத்தது.’ இது தம்பானூர்த் தண்ணீர், செல்லாது. இப்படி எழுதிவிட்டு வையாபுரிப் பிள்ளைக்குத் தருக்கம் தெரியாது என்று எழுந்து போவது எளிது. அது நேர்மையல்ல. ஒருவருடைய வாதத்தைச் செல்லும் வடிவில் எழுத முடியுமானால் அப்படித்தான் எழுத வேண்டும். ‘குறள் முற்காலத்தது என்றால் வடசொற்கள் மிகுந்திரா. மிகுந்திருக்கின்றன. ஆகவே முற்காலத்தது அன்று.’ தஞ்சைக் கல்வெட்டை வைத்து நாம் எழுதினோமே, அதே வடிவம். வடிவத்தில் குற்றமில்லை. இனி முடிவை ஏற்காதவர் இரண்டு எடுகூற்றுகளில் ஒன்றை மறுத்தே ஆக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இரண்டாவதை மறுக்கலாம்: அவர் வடசொல் என்று எண்ணியவற்றில் இன்னின்னவை தமிழே என்று சொல் சொல்லாகக் காட்டலாம். அது சொற்பிறப்பியலார் வேலை. முதலாவதை மறுக்கலாம்: வடசொல்லின் அளவு காலத்தை மட்டும் பொறுத்ததா, நூலின் பொருளைப் பொறுத்ததா? அகத்திணை பாடுபவருக்கும் அறம், துறவு, அமைச்சு என்று எழுதுபவருக்கும் ஒரே காலத்தில் ஒரே சொல்தொகுதியா தேவைப்படும்? பலவீனம் இந்த முதற்கூற்றில்தான் என்பது என் கருத்து. தஞ்சை வாதத்தில் இதே இடத்தில் நின்ற கூற்றைப் பாருங்கள்: பிறவாதவருக்குத் திருமேனி எடுக்க முடியாது. அதை மறுக்க யாராலும் முடியாது. வடிவம் ஒன்றாக இருந்தும் ஒரு வாதம் மலை போல நிற்பதும் மற்றது ஆடுவதும் இதனால்தான்.

சம்பந்தர் காலத்தையே இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பார்க்கலாம். சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பாடியிருக்கிறார். சிறுத்தொண்டர் படைத்தலைவராக இருந்தபோது வாதாபியை அழித்தார் என்கிறார் சேக்கிழார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642ஐ ஒட்டி வாதாபியைக் கைப்பற்றினான். இரண்டு வாதாபிப் போரும் ஒன்றே என்று கல்வெட்டறிஞர் வெங்கய்யா இணைத்தார். சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டில் வைப்பவர்கள் இன்றும் இதைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். நானும் ஏற்கிறேன். ஆனால் ‘இரண்டு போரும் ஒன்று’ என்பது ‘இரண்டு சுந்தர பாண்டியரும் ஒருவர்’ என்பதற்கு வடிவில் இரட்டைப் பிள்ளை. ஒன்றை மறுத்து மற்றதை ஏற்கிறோம் என்றால் காரணம் வடிவத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வாதாபி அழிந்ததற்கு அந்த ஊரிலேயே பல்லவன் கல்வெட்டு நிற்கிறது. சேக்கிழார் சொல்வதோ ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்திய செய்தி. இரண்டையும் எந்த அளவில் நம்புவது என்பதைத் தருக்கம் சொல்லாது. நம்புகிறோம் என்பதை மறைக்காமல் எழுதச் சொல்லும்.

கடைசியாக ஒரு பயிற்சி. சுந்தரர் தமக்கு முற்பட்ட அடியார்களைத் திருத்தொண்டத்தொகையில் வரிசையாகச் சொன்னார். அதில் சம்பந்தர் பெயர் உண்டு. மாணிக்கவாசகர் பெயர் இல்லை. ஆகவே மாணிக்கவாசகர் சுந்தரருக்குப் பிற்பட்டவர் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. மௌனத்திலிருந்து எழும் இந்த வாதத்தில் சொல்லாமல் விட்ட எடுகூற்று ஒன்று உண்டு: மாணிக்கவாசகர் முற்பட்டவர் என்றால் சுந்தரர் அவரைச் சொல்லியிருப்பார். அதை எழுதிச் சேர்த்தால் வாதம் செல்லும் வடிவுக்கு வந்துவிடும். சுந்தரர் எல்லா அடியார்களையும் சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம் என்று கேட்பவர் அந்தக் கூற்றை மறுக்கிறார். பெயர் சொல்லாமல் கூட்டமாகப் போற்றப்படும் புலவர்களுக்குள் மாணிக்கவாசகரும் அடக்கம் என்பவர் மற்றதை மறுக்கிறார். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

இளைஞர் வேதாசலமாக இந்த ஊருக்கு வந்து சுந்தரம் பிள்ளையைக் கண்டு சென்ற மறைமலையடிகள், மாணிக்கவாசகரை மூன்றாம் நூற்றாண்டில் வைத்து 1930இல் ஒரு பெருநூல் எழுதினார். தடிமனான நூல். நூலகத்தில் எடுத்து, சுந்தரரைப் பற்றிய பகுதியை மட்டும் படித்து, ஒவ்வொரு வாதத்தையும் எடுகூற்று, முடிவு என்று பிரித்து எண்ணிட்டு எழுதுங்கள். சொல்லாமல் விட்டவற்றை வேறு மையில் எழுதுங்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு உங்கள் ஆசிரியரோடு ஒரு வகுப்பு சண்டை போடலாம்.